சித்திரை இரவும் கறவை மாடும்

கேள்வி: தாரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். ஜெர்சி கலப்பினக் கறவை மாடு ஐந்தும் மேச்சேரிச் செம்மறி பன்னிரண்டும் வைத்திருக்கிறேன். மாசி வரைக்கும் நாளுக்கு 42 லிட்டர் சொசைட்டிக்கு ஊற்றினேன். சித்திரை பிறந்ததும் 29 லிட்டருக்கு வந்துவிட்டது. கொழுப்பு 4.3 இருந்தது 3.6 ஆகிவிட்டதால் விலையும் குறைகிறது. இரண்டு மாட்டுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. கட்டுத்தரைக்கு மேலே சிமெண்ட் ஷீட், ஏழடி உயரம், மேற்கே முழுச்சுவர். சோளத்தட்டு விலை ஏறிவிட்டதால் தட்டைக் குறைத்துவிட்டு, சேகோ ஆலையிலிருந்து வரும் ஈரத்திப்பியை (மரவள்ளிக் கிழங்கில் மாவெடுத்த சக்கை) மாட்டுக்கு ஐந்து கிலோ வைக்கிறேன். பனி மாதிரி தண்ணீர் தூவும் ஃபாகர் மாட்டச் சொல்கிறார் ஒரு வியாபாரி. ஏற்காடு நாகலூரில் இருக்கும் மச்சாண்டார் மாட்டை மலைக்கு ஏற்றிவிடச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகன், "மாடுதான் பூமியைச் சூடாக்குது, வித்துட்டு ஆடு வாங்கும்மா" என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அம்மா, மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் உங்கள் மாட்டின் இரவைப் பார்க்கவில்லை. வெயில் ஏறும்போது மாடு மூச்சிரைக்க இளைப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி இறக்கி வைக்க முடிகிறதா என்பதில்தான் பாலும் சினையும் தங்கியிருக்கின்றன. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

மருந்துக்கடையில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நாளை விடியற்காலை 5 மணிக்கு, பால் கறப்பதற்கு முன், நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒன்றரை அங்குலம் உள்ளே, குடல் சுவரைத் தொட்டபடி வையுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு தப்பாகும். கறவை மாட்டுக்கு இயல்பான சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். பிறகு இரண்டடி தள்ளி நின்று, விலாப்பக்கம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விடிகாலையில் நிமிடத்துக்கு 40 மூச்சுக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்திலேயே 60-ஐத் தாண்டி, சூடும் 102.5-க்கு மேல் இருந்தால், நேற்றைய வெயில் இன்னும் அதன் உடம்புக்குள் இருக்கிறது என்று பொருள். அதன் மேல் இன்றைய வெயில் ஏறுகிறது. மூன்று நான்கு நாள் இப்படிச் சேர்ந்தால் பால் இறங்கும். இன்று பால் குறைந்ததற்கு இன்றைய வெயிலைக் குறை சொல்வதில் பயனில்லை. பெரும்பாலும் இரண்டு நாளுக்கு முந்தைய சூட்டின் கணக்குதான் இன்றைய கேனில் தெரியும்.

மாட்டைப் பொறுத்தவரை வெப்பம் மட்டும் கணக்கில்லை, காற்றின் ஈரப்பதமும் சேர்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் குறியீடு ஒன்று உண்டு. அது 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்கு அயர்ச்சி தொடங்கும், 80-க்கு மேல் போனால் கண்ணுக்கே தெரியும். பிற்பகல் 38 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் குறியீடு 84. அதே நாள் நள்ளிரவில் 26 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஏறத்தாழ 76. நமக்குப் "பரவாயில்லை, ஆறிடுச்சு" என்று தோன்றும் அந்த நேரத்திலும் மாடு எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. 22 டிகிரிக்கு இறங்கினால்தான் குறியீடு 70-ஐ ஒட்டி வரும். சேலம் சமவெளியில் சித்திரை, வைகாசி இரவுகள் பல நாள் 25, 26-க்குக் கீழே இறங்குவதே இல்லை. காற்றில் கரியமில வாயுவும் நீராவியும் கூடும்போது, தரை இரவில் வெளிவிடும் வெப்பம் வானத்துக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. அதனால் பருவநிலை மாற்றத்தில் இரவு வெப்பமும் பகலோடு சேர்ந்து ஏறுகிறது. உங்கள் மாமியார் காலத்து மாடு பகலில் காய்ந்தாலும் ராத்திரி ஆறியது. அது நாட்டு மாடாகவும் இருந்திருக்கும். இரண்டு லிட்டர் கறக்கும் நாட்டு மாடு உள்ளே உண்டாக்கும் சூடும் குறைவு. பத்து லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பினத்துக்கு, தீனியைப் பாலாக்கும் வேலையே உள்ளே எரியும் ஓர் அடுப்பு.

முதல் வேலை காசில்லாத வேலை. பங்குனி பாதியிலிருந்து ஆனி வரைக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் மாடுகளைக் கூரைக்கு அடியில் கட்டாதீர்கள். களத்திலோ வாசலிலோ திறந்த வானத்தின் கீழ் கட்டுங்கள். தெளிந்த வானத்துக்கு மாட்டின் முதுகு நேராகச் சூட்டை வீசும். கூரையோ மரக்கிளையோ மேலே இருந்தால் அந்தச் சூடு பாதி திரும்பி வந்துவிடும். பகலில் நிழலாக உதவும் புளியமரம் ராத்திரி போர்வை ஆகிவிடுகிறது. தரை சிமெண்ட் தளமாக இருந்தால் அது பகல் முழுக்கக் காய்ந்திருக்கும், மாடு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். மண் தரை, அதுவும் மாலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஆறவிட்ட மண் தரை நல்லது. சேறாகக் கூடாது, மடி சேற்றில் பட்டால் மடிநோய் வரும். கோடை இடி மின்னல் வரும் இரவுகளில் மட்டும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள், மரத்தடியில் விட வேண்டாம்.

இரவில் தண்ணீர் வைக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் காலை ஒரு தொட்டி, மாலை ஒரு தொட்டி, அத்தோடு சரி. பத்து லிட்டர் கறக்கும் மாடு கோடையில் நாளுக்கு 80 முதல் 100 லிட்டர் குடிக்கும், அதிகமாகவும் குடிக்கும். அதில் நல்ல பங்கு, ராத்திரி தீனி தின்ற பிறகு குடிக்க வேண்டியது. தொட்டி காலியாக இருந்தால் தீனியையும் பாதியில் விடும். மிதவை வால்வு வைத்த சிறு சிமெண்ட் தொட்டி போதும், இரண்டு மாட்டுக்கு நடுவில் ஒன்று. இன்னொன்று: மேலே கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் நின்றால் மதியத்துத் தண்ணீர் கையைச் சுடும். அதை மாடு முகர்ந்துவிட்டு நிறுத்திவிடும். டேங்குக்கு மேல் கீற்றுப் பந்தல் போடுங்கள், குழாயை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள். தொட்டியை வாரம் இரண்டு முறை தேய்த்துக் கழுவி உள்ளே சுண்ணாம்பு பூசுங்கள். பாசி வாசம் வந்தாலும் மாடு குறைவாகத்தான் குடிக்கும்.

இப்போது கட்டுத்தரை. ஏழடி உயரத்தில் சிமெண்ட் ஷீட் என்றால் மதியம் மாட்டின் முதுகுக்கு மூன்றடி மேலே ஒரு தோசைக்கல் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் எட்டடி, நடுமுகட்டில் பத்து முதல் பன்னிரண்டு அடி உயரம் இருந்தால் சூடு மேலே நிற்கும். இந்த வருஷம் தூக்கிக் கட்ட முடியாவிட்டால் மூன்று காரியம் செய்யுங்கள்.

மேற்கே உள்ள முழுச்சுவரை மூன்றடி வரைக்கும் விட்டு மேலே இடித்துவிடுங்கள். அந்தச் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்து வைத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் மாட்டின் மேல் ஊதிக்கொண்டிருக்கும். மாலை வெயில் உள்ளே விழாமலிருக்க, சுவரிலிருந்து நான்கடி வெளியே தள்ளித் தென்னங்கீற்றுத் தட்டி நிறுத்துங்கள். நனைத்த சாக்கைத் திறப்பில் தொங்கவிடும் வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. நல்ல காற்றுள்ள நாளில் அது உதவும், காற்றில்லாத நாளில் கொட்டகைக்குள் புழுக்கத்தைக் கூட்டும். திறப்பு முழுவதையும் சாக்கால் அடைக்காதீர்கள்.

கூரையின் மேற்பக்கத்துக்கு வெள்ளை அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 5 கிலோ, தண்ணீர் 20 லிட்டர், கல்லுப்பு கால் கிலோ, பெயிண்ட் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை அரை லிட்டர். துணியில் வடிகட்டி, மாலையில் இரண்டு பூச்சு. பசை சேர்க்காவிட்டால் முதல் கோடை மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும். அடிப்பவர் ஷீட்டின் மேல் கால் வைக்கக் கூடாது. சட்டம் இருக்கும் இடத்தில் பலகை போட்டு அதன் மேல் நிற்க வேண்டும், பழைய ஷீட் சொல்லாமல் உடையும். பாசியை உலர்ந்தபடி சுரண்டவும் வேண்டாம், ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்துவிட்டு மெல்லத் தேய்க்கலாம்.

மூன்றாவது, ஷீட்டுக்கு ஓரடி கீழே கீற்றுத் தட்டியால் ஒரு பொய்க்கூரை. இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் இடையில் சூடாகும் காற்று வெளியேறும். மின்கம்பி எதுவும் கீற்றைத் தொட்டபடி போகாமல் குழாய்க்குள் இழுத்துவிடுங்கள்.

ஃபாகர் பற்றி அந்த வியாபாரி முழுசாகச் சொல்லவில்லை. பனி போன்ற நுண்துளி காற்றிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க வேண்டும். உலர்ந்த மதியத்தில், நாலு பக்கமும் அடைத்த பண்ணையில் அது நன்றாகவே வேலை செய்யும். உங்களைப் போல் திறந்த கட்டுத்தரையில் குளிர்ந்த காற்று பறந்துவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் ஈரப்பதம் ஏறிய பிறகு துளி ஆவியாகாது, மயிரின் மேல் மெல்லிய படலமாக நின்று தோலின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். கூடவே குறியீட்டையும் ஏற்றிவிடும். நுண்துளியைவிடப் பெருந்துளிதான் உங்களுக்கு வேண்டும். தோல் வரைக்கும் நனைய வேண்டும், பிறகு காற்று அதை உலர்த்த வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் தோலில் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வழிந்து தரையில் ஓடிய தண்ணீர் அதில் சிறு பங்கைக்கூட எடுப்பதில்லை.

சொட்டுநீர்க் கடையில் கிடைக்கும் அரைவட்ட மைக்ரோ ஸ்பிரிங்ளர் போதும். அரை அங்குல பி.வி.சி. குழாயை மாடுகளின் தோளுக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஆறடி உயரத்தில் ஓட்டி, மாட்டுக்கு ஒன்று வீதம், முதுகுப் பக்கம் பார்க்க வையுங்கள். தீவனத் தொட்டியில் துளி விழக் கூடாது, நனைந்த தீவனம் இரண்டு மணி நேரத்தில் புளிக்கும். பின்னால் 24 அங்குல விசிறி இரண்டு, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து. விசிறியின் காற்று அதன் குறுக்களவைப் போல் பத்து மடங்கு தூரம்தான் பயனுள்ளபடி போகும், அதாவது இருபது அடி. ஒரு நிமிடம் தண்ணீர், பத்துப் பன்னிரண்டு நிமிடம் வெறும் விசிறி. மதியம் பதினொன்று முதல் நான்கு வரை இப்படி மாற்றி மாற்றி விடுங்கள். முதுகு நனைந்து, தண்ணீர் விலாவில் வழிந்து மடியை எட்டுவதற்கு முன் நிறுத்துவதுதான் அளவு. மடிக்கு வழிந்தால் பால் கறக்கும்போது அழுக்குத் தண்ணீர் காம்பு நுனிக்கு வரும். விசிறி வாங்கக் காசில்லை என்றால் ஸ்பிரிங்ளரும் வேண்டாம். அதற்குப் பதில் மதியம் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் ஓஸால் நன்றாகக் குளிப்பாட்டி, காற்றோட்டமான இடத்தில் கட்டினால் போதும். ஓஸில் நிற்கும் முதல் சுடுதண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள்.

ஏதாவது ஒரு மாடு வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, நுரை ஒழுக இளைத்து, சூடும் 106-ஐத் தொட்டால் அது அவசரம். நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஓடவிட்டு விசிறுங்கள். ஈரச்சாக்கைப் போர்த்தி விடாதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், இளைக்கிற மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். 103-க்கு வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம். இதற்கிடையே 1962-க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். ஒரு மணி நேரம் குளிர்வித்தும் 104-க்குக் கீழே வராவிட்டால் வெயிலோடு காய்ச்சலும் இருக்கலாம். தோள்பட்டைக்கு முன்னால் உள்ள நெறிகட்டி வீங்கியிருக்கிறதா, கண் உள்இமை வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கலப்பின மாட்டில் உண்ணியால் வரும் தைலேரியா இந்த மாதங்களில்தான் அதிகம் வருகிறது.

கொழுப்பு இறங்கியதற்கு வெயில் பாதிக் காரணம்தான். மீதி அந்தத் திப்பி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி அதுதான். பாலின் கொழுப்புக்கு வேண்டிய மூலப்பொருள், நார் வயிற்றில் நொதிக்கும்போது கிடைக்கிறது. மரவள்ளித் திப்பி மாவுச்சத்து, புரதம் அதில் இரண்டு மூன்று சதவீதம்கூடத் தேறுவது அபூர்வம். தட்டைக் குறைத்துத் திப்பியைக் கூட்டும்போது மாடு அசை போடுவது குறைகிறது, எச்சில் குறைகிறது, வயிறு புளிக்கிறது. வெயிலில் இளைக்கும் மாட்டுக்கு இது இரட்டை அடி. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தின் காரச் சமநிலை கெடும். அதைச் சரிக்கட்ட உடம்பு சோடா உப்பைச் சிறுநீரில் விட்டுவிடும். ஒழுகும் எச்சிலிலும் அது போகும். வயிற்றுப் புளிப்பை ஆற்ற வேண்டிய உப்பு அதுதான். சாணம் நுரைத்து, தானியம் அப்படியே தெரிகிறதா என்று பாருங்கள். படுத்திருக்கும் ஐந்து மாட்டில் மூன்று மாடாவது அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒரு கவளத்துக்கு ஐம்பது மெல்லுக்குக் குறையக் கூடாது.

ஈரத்திப்பியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த திப்பி, அடர்தீவனத்தில் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். மாட்டுக்கு உலர்தீவனம் நாலு கிலோவுக்குக் கீழே போகவே கூடாது. சோளத்தட்டு விலை கட்டாவிட்டால் கடலைக்கொடியும் மக்காச்சோளத்தட்டும் கலந்து வையுங்கள், ஒன்றரை அங்குலமாக வெட்டி. அதோடு கம்பு நேப்பியர் புல் 20 கிலோ, வேலிமசால் அல்லது அகத்தித் தழை 3 கிலோ. அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. கோடையில் சமையல் சோடா நாளுக்கு 50 கிராம், உப்பு 40 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம், எல்லாம் தீவனத்தில் பிசைந்து, இரண்டு வேளையாக. ஊறவைத்த பருத்திக்கொட்டை அரை கிலோ சேர்ப்பது நம் பக்கத்துப் பழக்கம், கோடைக்கு அது நல்ல பழக்கம். எண்ணெய்ச் சத்து, வயிற்றில் அதிகச் சூடு கிளப்பாமல் பலம் தரும்.

எப்போது வைக்கிறீர்கள் என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். தீனி தின்ற மூன்று நான்கு மணி நேரத்தில் வயிற்றுச் சூடு உச்சத்துக்கு வரும். காலை ஒன்பது மணிக்குத் தட்டு போட்டால் அந்தச் சூடும் மதிய வெயிலும் ஒன்றாகச் சேர்கின்றன. காலை ஐந்தரைக்குள் ஒரு பங்கு, மாலை ஆறரைக்கு மேல் இரண்டு பங்கு. தட்டு முழுக்க ராத்திரிக்கே. மதியம் பசும்புல் கொஞ்சமும் தண்ணீரும் போதும்.

அடுத்த வருஷத்துத் தட்டு விலையைப் பற்றி இப்போதே நினைக்கலாம். ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் மக்காச்சோளம் பால் பிடித்து மாவாகும் பருவத்தில் காட்டோடு வாங்கி ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) போட்டு வைப்பவர்கள் மார்கழி, தையிலேயே கோடையை முடித்துவிடுகிறார்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக நறுக்கி, கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டை மெதுவாக விரியும் ஈரத்தில், காற்று போக மிதித்து மூட வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், அழுகல் நாற்றம் வரும். ஒரு கனமீட்டர் குழியில் 500 கிலோவுக்கு மேல் பிடிக்கும். 45 நாள் திறக்காதீர்கள். திறந்த பிறகு தினமும் முகப்பில் அரை அடி எடுக்கும் அளவுக்குக் குழி ஒடுக்கமாக இருக்கட்டும். அகலக் குழி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

சினை நிற்காததும் இரவோடு சேர்ந்த விஷயம்தான். கோடையில் பருவ அறிகுறி எட்டு, பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் குளிர்ந்த நேரத்தில், ராத்திரி பத்துக்கு மேல் அல்லது விடிவதற்கு முன் வரும். காலையில் நீங்கள் பார்ப்பது முடிந்துபோன பருவத்தின் வழும்பு. ஊசி தாமதமாகிறது. இரவு ஒன்பதரைக்கும் விடிகாலை நாலரைக்கும் டார்ச்சோடு போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண்ணாடி போல் தெளிந்த வழும்பு, கத்தல், மற்ற மாட்டின் மேல் தாவுவது. இரவில் தெரிந்தால் காலையில் ஊசி, காலையில் தெரிந்தால் மாலையில். ஊசிக்குப் பிறகு முதல் ஏழு நாள் கருவுக்கு மிக ஆபத்தான நாள்கள், தாயின் உடம்புச் சூடு ஏறினால் கரு பிழைக்காது. அந்த ஏழு நாளும் அந்த மாட்டுக்குத்தான் முதல் விசிறி, முதல் தண்ணீர். மதியத்தில் ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போய்வருவதும் கெடுதல், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மூன்று தடவை நிற்காத இரண்டுக்கும் நாலாவது ஊசியை இப்போது போடாதீர்கள். கருப்பையில் சீழ் இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டு, மருத்துவர் சொல்லும் ஹார்மோன் முறையில் நேரம் குறித்துப் போடலாம். முட்டை உருவாகும் காலத்தில் பட்ட சூட்டின் விளைவு இரண்டு மாதம் வரைக்கும் பின்தொடரும், ஆகவே ஆடியில் நிற்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நீண்ட கணக்கு ஒன்று சொல்கிறேன். தையில் சினை பிடித்தால் ஐப்பசியில் கன்று. கன்று போட்ட அறுபது, தொண்ணூறு நாளில் மறுபடி தை. உச்ச கறவை குளிர் மாதங்களில் போய்விடும், சித்திரை வரும்போது பால் தானாகவே இறங்குமுகத்தில் இருக்கும், மாடும் சினையாக இருக்கும். உங்கள் ஐந்து மாட்டையும் இரண்டு வருஷத்தில் இந்தச் சக்கரத்துக்குள் கொண்டுவர முடியும். பால் வற்றிய சினை மாட்டையும் குளிர்வியுங்கள். கறக்கவில்லையே என்று அதை வெயிலில் விட்டால் அடுத்த ஈற்றில் மடி சிறுத்து வரும்.

இனி உங்கள் மகன் சொன்னது. தம்பி தவறாகச் சொல்லவில்லை. மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஹைட்ரஜனை வேறு சில நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. மாடு அதை ஏப்பமாக விடுகிறது, பெரும்பங்கு வாய் வழியாகத்தான். 2006-ல் ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. வெளியிட்ட கணக்கீட்டு நெறிமுறை, இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு வருஷத்துக்கு 58 கிலோ மீத்தேன் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அப்படியானால் ஒரு மாடு ஒன்றரை டன். ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ விடும். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மூன்று பைக்குகளைவிட ஒரு மாடு அதிகம். இதை மறைத்துப் பேசுவதில் மாட்டுக்காரருக்கு நன்மை ஒன்றும் இல்லை. காரணம், மீத்தேனாகப் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தீனியின் பலம். நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு அப்படிப் போகிறது. மோசமான தீனியில் இன்னும் கூடும்.

ஆனால் விற்றுவிட்டு ஆடு வாங்கினால் குறையும் என்பது கணக்கில் நிற்காது. அதே நெறிமுறை ஒரு செம்மறிக்கு 5 கிலோ என்கிறது. ஒரு மாட்டின் வருமானத்துக்கு ஈடாகப் பன்னிரண்டு ஆடு வாங்கினால் 60 கிலோ. குறைக்க முடிவது வேறிடத்தில். ஓர் ஈற்றில் 2,400 லிட்டர் கறக்கும் மாடு 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால் லிட்டருக்கு 26 கிராம் மீத்தேன். அதே மாடு சினை பிடிக்காமல் 18 மாதம் இழுத்தால் லிட்டருக்கு 36 கிராம். இராத்திரி டார்ச்சோடு நீங்கள் பார்க்கப்போகும் அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு இது. தீனி சரியாக அமைந்தாலும், கன்று காலத்தில் பருவத்துக்கு வந்தாலும், பலனில்லாத மாட்டைக் கட்டிப் போடாமல் இருந்தாலும் இதே வழியில் குறையும். மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டி, நோட்டுப் போட்டு எழுதும் வேலையை அவனுக்கே கொடுங்கள்.

சாணமும் அவன் கவனத்துக்கு உரியது. தண்ணீர் தேங்கிய குழியில் சாணம் கிடந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும். ஐந்து மாட்டின் 50 கிலோ சாணத்துக்கு 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் சரியாக இருக்கும், சாணமும் தண்ணீரும் சம அளவு. சமையல் சிலிண்டர் ஒன்று பதினாறு பதினேழு நாளில் கொடுப்பதை அது கொடுக்கும். இணைப்புகளில் மாதம் ஒரு முறை சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். எரிக்காமல் கசியவிட்டால் கலன் கட்டாததைவிட மோசம்.

மச்சாண்டார் சொல்லும் ஏற்காட்டில் சமவெளியைவிட எட்டு டிகிரியாவது குறைவுதான், 1,500 மீட்டர் உயரத்துக்கு அது இயற்கை. ஆனால் 24 டிகிரியும் 80 சதவீத ஈரமும் சேர்ந்தால் அங்கும் குறியீடு 73. இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே தட்டையும் அடர்தீவனத்தையும் ஏற்ற வேண்டும், பாலை இறக்க வேண்டும். ஈரத்தில் குளம்பு அழுகும், உண்ணி அதிகம். காப்பித் தோட்ட ஓரங்களில் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியைப் பசித்த மாடு கடித்தால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். சினைப் பருவ மாட்டில் ஒன்றிரண்டை ஆறு வாரம் அனுப்பிப் பார்ப்பது என்றால் மாசியிலேயே, இரவுப் பயணமாக, உண்ணி மருந்து அடித்துவிட்டு அனுப்புங்கள். சித்திரை மதியத்தில் வண்டி ஏற்றுவது கூடாது. செம்மறியை மட்டும் மலைக்கு அனுப்பவே வேண்டாம். காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய்க்காக அடிக்கும் போர்டோ கலவையில் தாமிரம் இருக்கிறது. மாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. அடித்த தோட்டத்துப் புல்லை நாள்கணக்கில் மேய்ந்த ஆடு ஒரு நாள் திடீரென மஞ்சள் பாரித்து, சிறுநீர் சிவந்து சாகும்.

மேச்சேரி ஆடு இந்த மண்ணுக்கே பிறந்தது, குட்டை மயிரும் வெளிர்பழுப்பு நிறமும் வெயிலுக்கு ஏற்றவை. காலை பத்துக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் மேய்த்தால் போதும். அதற்கு வெயிலைவிட ஆபத்து முதல் மழை. காய்ந்த கொழுக்கட்டைப்புல் திடலில் திடீரெனத் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய் வரும், கொழுத்த குட்டிதான் முதலில் விழும். மழைக்கு மூன்று வாரம் முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள், முதல் பத்து நாள் கொஞ்சம் காய்ந்த தீனி கொடுத்த பிறகே ஓட்டுங்கள். அதே முதல் மழையில், காய்ந்து நின்ற சோளக்கட்டையிலிருந்து கிளம்பும் தளிரை மாடோ ஆடோ தொடக் கூடாது. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்திலும், பச்சை மரவள்ளி இலையிலும் தோலிலும் போலவே அதிலும் சயனைடு இருக்கிறது. தின்ற கால் மணி நேரத்தில் மூச்சுத் திணறி விழும், மருத்துவர் வந்து நரம்பில் மருந்து ஏற்ற நேரம் கிடைப்பதே அரிது. சோளம் பூத்த பிறகு வெட்டுங்கள். மரவள்ளி இலையை வெட்டிப் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காய்த்துவிட்டுக் கொடுங்கள்.

விடிகாலைச் சூடு, மூச்சு, பால், கொழுப்பு ஆகிய நான்கையும் மாட்டுக்கு மாடு பத்து நாள் எழுதி வையுங்கள். களத்தில் கட்ட ஆரம்பித்த நாளையும், திப்பியைக் குறைத்த நாளையும் ஓரத்தில் குறியுங்கள். அந்த நோட்டை உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ எடுத்துப் போனால், எந்த மாட்டுக்கு என்ன செய்வது என்பதை அவர்கள் அதைப் பார்த்தே சொல்வார்கள்.